அப்பாவின் வலது பக்கம்

பாப்பாவுக்கு,

நேற்று வீடியோ காலில் அப்பா நடந்ததைப் பார்த்துவிட்டு, பக்கவாதம் வந்து நாலு மாசமாகியும் இவ்வளவுதானா என்று அழுதாயே, எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. கூடவே இருக்கிற எனக்குத் தெரிகிறது உனக்குப் போனில் தெரியாதும்மா.

சமையலறையில் இருந்தபடி, சத்தத்தை வைத்தே அப்பா நடை எப்படி என்று சொல்லிவிடுவேன். முதலில் வலது பாதம் தூக்கவே வராது, தரையில் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வரும், அதைத் தவிர்க்க இடுப்பைத் தூக்கிக் காலை வட்டமாக வீசி வைப்பார். வலது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து வெளுத்துவிட்டது. இப்போது பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட் போட்டபிறகு குதிகால் முதலில் விழுகிறது. சாயங்காலம் அசதியில் மறுபடி தேய்க்கும் சத்தம் கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், உட்கார வைத்துவிடுவேன்.

பிசியோதெரபிக்கு வருகிற தம்பி எடை பார்க்கிற மெஷின் இரண்டை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு காலாக ஏறி நிற்கச் சொன்னார். அப்பா 64 கிலோ. முதல் நாள் வலது காலில் 14 கிலோதான் காட்டியது, மீதி முழுக்க இடது காலில். போன வாரம் 27! எத்தனை அடி நடந்தார் என்று நீ கேட்கிறாய், நான் இந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். வலது கால் பாரம் தாங்கினால்தானே இடது காலை நிதானமாக எடுத்து வைக்க முடியும்.

காலில் ஒரு கோளாறும் இல்லை, அடைப்பு வந்தது மூளையின் இடது பக்கம், அங்கிருந்து போகிற உத்தரவுதான் நின்றுபோச்சு. அந்த வேலையை மூளையின் மற்ற இடங்கள் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால்தான். அதனால்தான் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியே தினம் அத்தனை தடவை. முதல் மூன்று மாசம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், ஆனால் நிற்காது என்றார் டாக்டர்.

சரி, நீ வரும்போது பாசத்தில் அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடாதே. அந்தத் தோளில் பிடிமானம் இல்லை, மூட்டு இறங்கிவிடும், வலி பிடித்தால் நடைப் பயிற்சியும் கெடும். வலது பக்கம் கொஞ்சம் பின்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொள், போதும். ஊன்றுகோல் நல்ல கையில், அதாவது இடது கையில்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, பதில் சொல்ல அப்படியே நின்றுவிடுகிறார், இரண்டும் ஒரே நேரத்தில் இன்னும் வரவில்லை. தானாகச் செய்ய அவர் தவிக்கும்போது பார்க்கவே முடியாதுதான், எனக்கும் கை பரபரக்கும். ஆனாலும் கொஞ்சம் பொறு. அந்தத் தவிப்பில்தான் கால் கற்றுக்கொள்கிறது.

வரும்போது அப்பாவுக்கு ஒரு ஷூ வாங்கி வா. உள்ளே ஸ்பிளின்ட் போகணும், அதனால் ஒரு அளவு பெரிதாக, வாய் அகலமாக இருக்கட்டும். நாடா வேண்டாம், ஒட்டுகிற பட்டை வைத்தது பார். இடது கையாலேயே அவர் போட்டுக்கொள்ளணும். பாதத்தை ஸ்பிளின்டோடு காகிதத்தில் வைத்து வரைந்து போட்டோ அனுப்புகிறேன்.

அம்மா