நடிகையை மாற்றினீர்கள், குரலையும் ஏன் மாற்றினீர்கள்?

அனுப்புநர்: ஒரு சந்தாதாரர், விழுப்புரம்.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், தொலைக்காட்சி நிறுவனம், சென்னை.
பொருள்: எட்டு மணித் தொடரில் மூத்த மருமகளை மாற்றியதும், என் நான்கு மின்னஞ்சலுக்கும் சரியான பதில் வராததும் தொடர்பாக.

ஐயா, அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஓர் எழுத்துகூட மாறாமல் அதே வரிதான் வந்தது. கஸ்டமர் கேருக்கு ஏழு முறை பேசிவிட்டேன். கேபிள்காரரைக் கேட்டால் சேனலைக் கேளுங்கள் என்கிறார். சேனலில் கேட்டால் ஆப்பில் புகார் போடுங்கள் என்கிறார்கள். ஆப்பில் போட்டால், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லிப் பதில் வருகிறது. ஆப்பில் எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. தொடரில்தான் கோளாறு.

எந்தத் தொடர், எந்த மருமகள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019லிருந்து வாரம் ஆறு நாள் நீங்கள்தான் ஒளிபரப்புகிறீர்கள். ஆனால் உங்கள் ஆட்கள் ஏழு முறையும் என்னிடம் "எந்த சீரியல் மேடம்?" என்றுதான் கேட்டார்கள்.

நடந்தது இதுதான். அந்தத் திங்கட்கிழமை மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து டிவியைப் போட்டேன். பாட்டு முடிந்து முதல் காட்சி. மூத்த மருமகள் மாமனாருக்குக் காபி கொண்டுவருகிறாள். "மாமா, காபி" என்கிறாள். அத்தை சட்டென்று தலையைத் திருப்பி, "யாருடி இது, அவங்க வீட்டுல புதுசா?" என்றார். அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். முகமும் வேறு, குரலும் வேறு. ஆளை மாத்திட்டாங்க அத்தை என்றேன். "அவளுக்கு என்ன ஆச்சு? செத்துட்டாளா?" என்று கேட்டார். மூன்று நாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மாமியாருக்குப் பார்வை இல்லை. கண் அழுத்த நோய். 2021இல் ஓரமாக மறைக்க ஆரம்பித்து, அடுத்த வருடமே வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். அந்த நோயில் போன பார்வை திரும்பாது. ஆனால் தொடர் ஆரம்பித்தபோது அவருக்குக் கண் தெரிந்தது. அந்த மூத்த மருமகளின் முகத்தை இரண்டு வருடம் கண்ணால் பார்த்திருக்கிறார். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று நீங்கள் பழைய எபிசோடுகளையே மறுபடி போட்டபோதும் ஒரு நாள் விடாமல் பார்த்தார். பார்வை போன பிறகு, அந்தக் குரல் வந்தால் அந்த முகமும் அவருக்கு வந்துவிடும். என் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை என்பார், அந்தப் பெண்ணின் மூக்குத்தியைச் சொல்வார். இந்தப் புது நடிகைக்கு அத்தையிடம் முகமே கிடையாது. இனி வரவும் வராது.

நீங்கள் செய்த அறிவிப்பு என்ன? டைட்டில் பாட்டின் நடுவே ஐந்து விநாடி, "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்தில் ஒரு கார்டு. படித்துக்கூடச் சொல்லவில்லை. பார்வை இல்லாதவர்கள் உங்கள் தொடரைக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

இதைத்தான் நான் கஸ்டமர் கேரில் சொன்னேன். புதன்கிழமை மதியம், இருபத்திரண்டு நிமிடம் காத்திருக்க வைத்த பிறகு லைனில் வந்தவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "உங்க மாமியாருக்குக் கண்ணு தெரியாதுன்னா, யார் நடிச்சா என்ன மேடம்?" நான் பேச்சில்லாமல் நின்றேன். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. மேலதிகாரியைக் கேட்டேன், லைனை வைத்துவிட்டார். அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தவறாக நினைக்காதீர்கள், நடிகர்களை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் எதிர்நீச்சல் தொடரின் மாரிமுத்து டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அன்றே இறந்துபோனார். அவர் நடித்த ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். அத்தை அந்தத் தொடரும் கேட்பார். காரணம் ஊருக்கே தெரியும், அதனால் அழுதார், அப்புறம் ஏற்றுக்கொண்டார். இங்கே என்ன காரணம்? யூடியூபில் ஒருவர் சம்பளத் தகராறு என்கிறார், இன்னொருவர் டிஆர்பி என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நடிகை சொந்தக் குரலில் பேசவில்லை. டப்பிங் என்று வேறொருவர் பெயரைத்தான் டைட்டிலில் ஆறு வருடமாகப் போட்டீர்கள். அப்படியென்றால் அந்தக் குரல் கலைஞர் இருக்கிறார் அல்லவா? புது நடிகைக்கும் அவரையே பேசவைத்திருந்தால் என் மாமியாருக்கு ஒன்றுமே மாறியிருக்காது. அந்த ஒரு சின்ன வேலையைச் செய்யாமல் ஆறு வருடப் பழக்கத்தை ஒரே ராத்திரியில் பிடுங்கிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருக்கிறது. எட்டு மணி ஆனால் "எனக்குத் தூக்கம் வருது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவர் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நேரில் வந்தால் மரியாதை இருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அத்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காலை ஐந்தரை பஸ்ஸில் கிளம்பினேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்து, பத்தரைக்கு உங்கள் வாசலுக்கு வந்தேன். செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாவம், அவர்தான் தண்ணீர் கொடுத்தார். மூன்று மணிக்கு ஒரு பெண் இறங்கிவந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி. நான் ஏற்கெனவே நான்கு முறை எழுதிய அதே முகவரி. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, சொல்ல விட்டுப்போனது. ஆளை மாற்றுவதற்கு நான்கு நாள் முன்புதான் உங்கள் ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். அத்தை மத்தியானத்தில் மறுபடி கேட்பதற்காகத்தான். அந்த வாரம் முழுக்கப் புரோமோவில் பழைய நடிகையைத்தான் காட்டினீர்கள்.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். பழைய குரல் கலைஞரைத் திரும்பக் கூப்பிடுங்கள். முடியாவிட்டால், ஏன் மாற்றினோம் என்று தொடர் ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் குரலில் சொல்லுங்கள். என் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். போனில் அப்படிப் பேசியவர் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அங்கிருந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 42ஐயும் படித்துவிட்டேன். பார்வை இல்லாதவர்களுக்கும் மின்னணு ஊடகம் எட்ட வேண்டும், அதற்குக் காட்சியில் நடப்பதைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பு வேண்டும், அரசு அதை உறுதி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அத்தைக்கு அடையாள அட்டை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதவும் தயங்க மாட்டேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள், எனக்கும் அதற்கெல்லாம் நேரமில்லை.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அத்தைக்கு நான் படித்துக் காட்டுகிறேன். போனில் சொல்வதானால் எட்டு மணிக்கு முன் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
விழுப்புரம் சந்தாதாரர்