ஆடுசதை ஆடத்தான் செய்யும்

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி 2 மணிக்குச் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இடது கால் ஆடுசதையையே பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி ஒரு துடிப்பு. அது நின்றால் தொடையில் ஒன்று, அப்புறம் இமையில், கட்டைவிரல் அடிமேட்டில். ஆறு வாரமாக இதே கதை. கூகுளில் தேடியதும் ஏஎல்எஸ் வந்து நின்றது, தசையை இயக்கும் நரம்புகள் சாகிற மோட்டார் நியூரான் நோய்களில் ஒன்று. அதோடு தூக்கம் போயிற்று. உனக்கு வயது 24.

முதலில் அந்தப் புழு என்னவென்று பார்ப்போம். முதுகுத்தண்டிலிருந்தோ மூளைத்தண்டிலிருந்தோ வரும் ஒரு நரம்பிழை தசைக்குள் போய்க் கிளை கிளையாகப் பிரிந்து பல தசைநார்களைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணை உருட்டும் தசையில் ஓர் இழைக்குப் பத்துப் பதினைந்து நார். ஆடுசதையில் ஆயிரத்துக்கும் மேல். மூளை கேட்காமலே அந்த இழையில் ஒரு மின்பொறி தட்டினால் அத்தனை நாரும் ஒருசேரச் சுண்டும். ஆடுசதையில் மட்டும் இவ்வளவு பளிச்சென்று தெரிவது அதனால்தான். தூக்கக்குறைவு, காபி, கடும் உடற்பயிற்சி, காய்ச்சலுக்குப் பிந்தைய நாட்கள், பயத்தில் ஏறும் அட்ரினலின், இவை ஒவ்வொன்றும் அந்தப் பொறியைச் சுலபமாகத் தட்டிவிடும். உன்னிடம் இப்போது முதல் இரண்டும் கடைசியும் இருக்கின்றன.

நம் ஊரில் துடிப்பு ஒன்றும் புதிதல்ல. ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடக்கண் என்று சகுனம் பார்த்த ஊர் இது. அமெரிக்காவில் 1963-ல் ஆரோக்கியமான 539 மருத்துவப் பணியாளர்களைக் கேட்டபோது ஏறக்குறைய 70 சதவீதம் பேர் தங்களுக்கும் ஏதோ ஒரு துடிப்பு உண்டு என்றார்கள். துடிப்பு மட்டுமே இருந்த 121 பேரை அந்த நாட்டின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2 முதல் 32 வருடம் வரை தொடர்ந்து பார்த்து 1993-ல் எழுதியது. ஒருவருக்கும் மோட்டார் நியூரான் நோய் வரவில்லை.

"விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில்தானே ஏஎல்எஸ் வந்தது?" என்று கேட்பாய். வந்தது. ஆனால் அவரை டாக்டரிடம் கொண்டுபோனது துடிப்பு இல்லை. படிக்கட்டில் விழுந்தார், படகு துடுப்புப் போடத் திணறினார், பேச்சு குழறியது. அந்த நோயில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. கை கால் வேலை செய்யாமல் போவதுதான் ஆளை மருத்துவமனைக்குத் தள்ளும். துடிப்பு கூடவே இருந்தாலும் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள், சட்டையைக் கழற்றச் சொல்லும் டாக்டர்தான் முதலில் பார்ப்பார்.

இன்னும் கொஞ்சம் தேடினால் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயர் கண்ணில் படும், ஊர்ப்பெயரைப் பார்த்ததும் வயிறு கலங்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று சென்னை மருத்துவர்கள் பதிவு செய்தது அது. இளவயதில் வரும் என்பது உண்மை. ஆனால் கை கால் மெலிந்து பலம் குறையும், முகத் தசையும் விழுங்கும் தசையும் தளரும், பலருக்குக் காதும் கேட்காமல் போகும். மிக அரிது, மெதுவாகத்தான் நகரும். இன்னொன்று ஹிராயாமா நோய். 15-லிருந்து 25 வயதுக்குள் பெரும்பாலும் ஆண்களுக்கு, ஒரு பக்கக் கையும் முன்கையும் இளைக்கும், குளிரில் விரல் மடங்காமல் மக்கர் பண்ணும். சில வருடத்தில் தானே நின்றுவிடும், கழுத்துப் பட்டையால் பலன் உண்டு. இரண்டிலும் சதை வற்றுகிறது, பலம் போகிறது. உன் ஆடுசதை துடித்துக்கொண்டே உன்னை மூன்று மாடி ஏற்றிவிடுகிறதே.

பலம் போவது என்று டாக்டர் சொல்வதும், "காலெல்லாம் தளர்ந்த மாதிரி இருக்கு" என்று நீ சொல்வதும் வேறு வேறு. அவர் சொல்வது: செருப்பு தெரியாமலே காலை விட்டுக் கழன்று போகிறது, சட்டைப் பித்தான் போட முடியவில்லை, பூட்டில் சாவி திருப்ப வரவில்லை, குதிகாலால் நாலடி நடக்க முடியவில்லை, ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழ முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ, ஒரு கை கண்ணுக்குத் தெரிய இளைத்தாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பார். வயலில் பூச்சிமருந்து அடித்த பிறகு துடிப்போடு எச்சில் ஒழுகி, கண்ணில் நீர் வழிந்து, மூச்சு வாங்கினால் அது விஷம். அந்த நிமிடமே அவசரப் பிரிவு. உன் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது வேண்டியிருக்கும்.

இனி நீ செய்யும் சோதனைகள். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறாய், அது நடுங்குகிறது. நீட்டிய நாக்கு எல்லோருக்கும் நடுங்கும். டாக்டர் பார்ப்பது வாய்க்குள் சும்மா படுத்திருக்கும் நாக்கை. "வாயைத் திற, நாக்கை நீட்டாதே" என்பார். டெய்லர் டேப்பால் இரண்டு ஆடுசதையையும் அளக்கிறாய், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். அதுவும் பலருக்கு உண்டு. போதாக்குறைக்கு டேப் ஒரு விரல் மேலே போனாலே அளவு மாறிவிடும். பலம் இருக்கிறதா என்று தினம் 50 தடவை நுனிவிரலில் எழுகிறாய். மறுநாள் சதை வலிக்கிறது, களைத்த தசை இன்னும் துடிக்கிறது, அதைப் பார்த்து இன்னும் 50. நோயைத் தேடிப் போய் நீயே துடிப்புக்குத் தீனி போடுகிறாய்.

ஒரு தடவை, ஒரே தடவை, முறையாகப் பரிசோதித்துக்கொள். டாக்டர் பலம், ரிஃப்ளெக்ஸ், நாக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்ப்பார். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகளோடு சிகே என்ற தசை நொதியும் எழுதலாம். சிகே எடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாதே. பளு தூக்கிய மறுநாள் எடுத்தால் அது பல மடங்கு ஏறி நிற்கும், உனக்கு இன்னொரு மாதத் தூக்கம் போகும். ஆஸ்துமாவுக்கு சால்ப்யூட்டமால் எடுக்கிறாய் என்றால் மறக்காமல் சொல், அதுவும் நடுக்கத்தையும் துடிப்பையும் கூட்டும். தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி சோதனை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சுரீர் சுரீரென்று கரண்ட் வைப்பது நரம்புக் கடத்தல் சோதனை. ஊசியைத் தசைக்குள் விடுவதுதான் ஈஎம்ஜி. பரிசோதனையும் இதுவும் சரியாக இருந்தால் மூன்று மாதத்துக்கொரு தரம் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

காபியை ஒரேயடியாக நிறுத்தாதே, தலைவலி பிளக்கும். ஐந்து டம்ளரை ஒரு வாரத்தில் இரண்டாக்கு, கடைசி டம்ளர் மதியம் 2 மணிக்குள். ஜிம்முக்கு முன் கலக்கிக் குடிக்கும் பவுடரில் ஒரு ஸ்கூப்பிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருப்பதுண்டு, டப்பாவைத் திருப்பிப் படி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதே. நிறுத்தும்போது பதற்றமும் துடிப்பும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது "கூடாது" என்று மல்லுக்கட்டாதே, தள்ளிப்போடு. முதல் மூன்று நாள் பத்து நிமிடம், அடுத்த மூன்று நாள் இருபது, பிறகு அரை மணி. அந்த நேரத்தில் பரபரப்பு ஏறி, தானாகவே இறங்குவதைக் கவனி. அம்மாவிடம் "இது ஒன்றுமில்லையே?" என்று கேட்பதும் பார்ப்பதில்தான் சேர்த்தி, அவர் பதிலும் ஒரு மணி நேரம்தான் தாங்கும். இது கைமீறிப் போகிறதென்றால் 14416-க்குப் பேசு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. துடிப்பு முழுக்கப் போகாமலே இருக்கலாம், வருடக்கணக்கில் வந்து வந்து போகிறவர்களும் உண்டு. அதனால் துடிப்பு எத்தனை என்று எண்ணாதே, தூங்கிய மணியை எண்ணு.

போனில் 60 வீடியோ சேர்த்து வைத்திருப்பதாக எழுதினாயே. டாக்டருக்குக் காட்ட இருபது விநாடியில் ஒன்று போதும். மீதி 59-ஐ இன்றைக்கே அழித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்