பொருள்: வரையாடு கேட்டோம், தாடி வைத்த வெள்ளாடு வந்தது. பணத்தைத் திருப்பித் தரவும்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். ஆர்டர் விவரம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், மறுபடி முதலிலிருந்து கேட்காதீர்கள். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி, பெண்கள் கால்பந்து அணி, பெயர் ‘வரையாடுகள்’. டாட் நிட் துணியில் சப்ளிமேஷன் ஜெர்சி (சூட்டில் சாயத்தைத் துணிக்குள்ளேயே ஏற்றிப் படம் அச்சிடுவது), கூடவே ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் ஆட ஒரு வரையாட்டுத் தலை.

வந்ததோ தாடி வைத்த வெள்ளாடு, கழுத்தில் மணி வேறு! வரையாட்டுக்குத் தாடியே கிடையாது சார். கொம்பு குட்டையாகப் பின்பக்கம் வளைந்திருக்கும், வளர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும். நான் அனுப்பிய போட்டோவிலேயே இத்தனையும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 2023-ல் அரசு அதற்கென்று தனித் திட்டமே தொடங்கியது. பள்ளிகளுக்குச் சின்னம் வரைவதே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவது?

சரி, தப்பு நடக்கும், மாற்றிக் கொடுங்கள் என்றுதான் மரியாதையாகக் கேட்டேன். "நேரில் வாங்க, கையோடு தர்றோம்" என்றார்கள். விடிகாலை பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி வழியாகத் திருப்பூர் வந்து சேர்ந்தால், டிசைன் பார்ப்பவர் அன்று வரவே மாட்டாராம். கவுன்டரில் இருந்த இளைஞர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆடுன்னா ஆடுதானே சார், இதைப் போட்டுட்டு ஜெயிக்கவா போறீங்க?"

ஜெயிக்கவா போறீங்க! இதை அந்தப் பிள்ளைகளிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். மழையிலும் பனியிலும் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள். குறுவட்டப் போட்டியில் அந்த ஜெர்சியோடு இறங்கியதும் எதிரணிப் பக்கம் மொத்தமும் "மே... மே..." என்று கத்தியது, எங்கள் கோல்கீப்பர் அழுதே விட்டாள். அந்தத் தோல்விக்கு நீங்கள்தான் காரணம், ஒரு வருஷ உழைப்பே போச்சு. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யை ஊரே கொண்டாடியதே, அதைக் கழுதையாக வரைந்து கொடுத்துவிட்டு இப்படிப் பேசியிருப்பாரா அவர்?

அப்புறம் அந்த மாற்றுத் தலை. சொல்ல மறந்துவிட்டேன், போட்டிக்கு முந்தின நாள் கூரியரில் ஒன்று வந்தது. அதே தலைதான். தாடியைக் கத்தரியால் வெட்டி, வெட்டின இடத்தில் பசை தடவி ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டியிருந்தீர்கள். விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. இதற்கு "சரிசெய்யப்பட்டது" என்று ஒரு ஸ்டிக்கர்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. பெற்றோரிடம் வசூல் செய்த பணம், நான்தான் பதில் சொல்ல வேண்டும். முழுத் தொகையும் வரும் வெள்ளிக்குள் பள்ளிக் கணக்குக்கு வந்தால் இத்தோடு விட்டுவிடலாம். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன், ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி என் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இந்தத் தடவை மலை ஏறி வருவது நீங்களாக இருக்கும்.

இரண்டு தலைகளும் ஜெர்சிகளும் உடற்கல்வி அறையில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்