பூஞ்சிட்டு என்னும் குட்டைக் குதிரையை வண்டிக்குப் பழக்கிய விவரம்

ஃபோர்ட் வொர்த் அருகே,
டெக்சாஸ்.

அன்பும் மரியாதையும் நிறைந்த தாத்தா அவர்களுக்கு,

தங்கள் பேத்தி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கு நலம். தங்கள் முழங்கால் வலியும் ஆச்சியின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் தொலைபேசியில், "ஏட்டி, நாய் ஒசரக் குதிரையப் பூட்டி என்னத்த ஓட்டுத?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பிசான நெல்லை அம்பாசமுத்திரத்து மில்லுக்கு வண்டியில் ஏற்றிச் சென்ற தங்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை. போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற காரியம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

கணவரின் விசாவைச் சார்ந்து வந்த எனக்கு இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. முதல் ஆறு மாதம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் இந்தக் குட்டைக் குதிரைகளை வளர்க்கிறார். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த என்னை ஒருநாள் உள்ளே அழைத்து, கையில் ஒரு சாணி முறத்தைக் கொடுத்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

இவை வளராமல் நின்றுபோன குதிரைகள் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சிறிதாக்கிய தனி இனம். 1978-இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் ஒன்று இவற்றுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. அதன் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மற்றக் குதிரைகளைத் தோள் மேட்டின் உச்சியில் அளப்பார்கள். இவற்றை மட்டும் பிடரி மயிர் முடியும் இடத்தில் அளக்கிறார்கள். என்னிடம் பழகுகிற குதிரை 33 அங்குலம், என் இடுப்புக்குக் கீழேதான் நிற்கும். பதிவேட்டில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. நம் ஊர் வண்டிப் பந்தயத்தில் சிறிய மாடுகளின் பிரிவுக்கு வழங்கும் பெயரை நினைத்து, நான் அதைப் பூஞ்சிட்டு என்றே கூப்பிடுகிறேன். அதற்கும் திரும்பிப் பார்க்கிறது.

குதிரைக்குக் கொள்ளு வைக்கிறாயா என்று ஆச்சி கேட்டார்கள். இல்லை என்று சொல்லுங்கள். இந்த இனம் எதைத் தின்றாலும் உடம்பு வைக்கும். செழித்த பசும்புல்லை மட்டுமீறித் தின்றால் குளம்பினுள் வீக்கம் கண்டு நொண்டிப்போகும். ஆகையால் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த புல்லை நிறுத்துத்தான் போடுகிறோம். அந்தப் புல், பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்லின் இனம்தான் என்று தெரிந்த அன்று எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

இனி பழக்கிய விதம். வண்டியை அது பார்ப்பதற்கே பல மாதங்கள் ஆயின. முதலில் வாயில் கடிவாளம், முதுகில் பட்டை; அவ்வளவுதான். பிறகு இரண்டு நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நான் நடந்தேன். ஏறி உட்கார முடியாத குதிரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலும் வாரின் லேசான இழுப்பும்தான் மொழி. 'நில்' என்பதற்கு இவர்கள் 'வோ' என்கிறார்கள். மயிலைக் காளையை நிறுத்தத் தாங்கள் கொடுக்கும் 'ஹோவ்' ஓசைக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டம் தானாக வந்துவிடும், நிற்பதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். தெருவில் பூட்டியபடி கால் மணி நேரம் அசையாமல் நிற்காத மாட்டைத் தாங்கள் சந்தையில் தொடவே மாட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. சாட்டை உண்டு, ஆனால் அடிப்பதற்கு அல்ல; எந்தப் பக்கம் உடம்பை ஒதுக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டுவதற்கு.

அடுத்தது சத்தம். காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கயிற்றில் கட்டி, ஒருவர் தள்ளி நின்று இழுத்துவர, பூஞ்சிட்டு அதைப் பின்தொடர்ந்து நடந்தது. தான் துரத்துகிற பொருளிடம் குதிரைக்குப் பயம் விட்டுப்போகிறது. அதன் பிறகே அதே சத்தத்தைப் பின்னால் கொண்டுவந்தோம்.

இந்த இடத்தில் நான் அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன். சும்மா நடக்கிற குதிரை திரும்பும்போது உடம்பை வளைத்துக்கொள்ளும். இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே அதற்கு வழியில்லை. காலைக் குறுக்கே மாற்றி வைத்து, தோளால் கட்டையைத் தள்ளித்தான் திரும்ப வேண்டும். அதைப் பழக்க, விலாவின் இருபுறமும் வெறுங்கம்புகளைக் கட்டிப் பல நாள் நடத்த வேண்டும். நான் மூன்று நாளில் போதும் என்று நினைத்து வண்டியில் பூட்டினேன். முதல் திருப்பத்திலேயே கம்பு விலாவில் அழுத்தவும், பூஞ்சிட்டு மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. அந்த அம்மாள் தலைக்கயிற்றைப் பிடித்திருந்ததால் தப்பித்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் வெறுங்கம்புகளை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் கம்புதான்.

பூட்டுகிற முறையில்தான் தங்களுக்குச் சுவை இருக்கும். நம் மாடு நுகத்தைத் திமிலின் முன்னால் தாங்கித் தள்ளுகிறது. இங்கே மார்பின் குறுக்கே ஓர் அகலமான பட்டை. அதிலிருந்து இரு வார்கள் வண்டிக்குப் போகின்றன. பாபநாசத்து இறக்கத்தில் வண்டி மாட்டின் மேல் ஏறாமல் நுகமும் பூட்டாங்கயிறும் தாங்கும் என்பீர்களே, அந்த வேலையை இங்கே பின்தொடைகளைச் சுற்றிய ஒரு பட்டை செய்கிறது. குதிரை அதில் உட்கார்வதுபோல் பின்வாங்கி வண்டியைத் தடுக்கும். பூட்டும்போது இழுவை வார் முதலில், பின்பட்டை பிறகு, அவிழ்ப்பது தலைகீழ். வண்டி பூட்டியிருக்கும்வரை கடிவாளத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. அதோடு சேர்ந்த, பின்னால் பார்க்கவிடாமல் கண்ணோரத்தை மறைக்கும் கண்பட்டை போன நொடியில் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து வரும் வண்டி கண்ணில் பட்டுவிடும், பிடித்து நிறுத்தவும் கையில் ஒன்றும் இருக்காது.

வண்டி 35 கிலோ, அதன்மேல் நான். பூஞ்சிட்டோ நூறு கிலோவுக்கும் குறைவு. சமதரையில் உருளும் சக்கரம் என்பதால் சிரமமில்லாமல் இழுக்கிறது. ஆனாலும் பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரத்தைக் கூட்டினோம்.

அடுத்த மாதம் காட்சிப் போட்டி. பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தி வந்தவருக்குப் பரிசு இல்லை. நாங்கள் சேர்கிற பிரிவில் நடை, நிதானப் பெருநடை, எட்டிப்போடும் பெருநடை என்று நடுவர் கேட்பதைக் காட்டி, வரிசையில் அசையாமல் நின்று, நேராகப் பின்வாங்க வேண்டும். வேகம் காட்டும் பிரிவு வேறு. அதில் ஓட்டுபவர் பளபளக்கும் வண்ணச் சட்டையும் தொப்பியும் அணிவார். அதைப் பார்த்தால் தங்களுக்குப் பிடிக்கும், எனக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை.

எல்லாம் சரியாக வருகிறது, பின்வாங்குவதைத் தவிர. நாலு அடி நேராக வந்து, பிறகு பின்பாகம் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. மில் வாசலில் நெல் மூட்டையோடு வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது, இடத்து மாடு ஒதுங்காமல் இருக்கத் தாங்கள் கயிற்றை எப்படிப் பிடிப்பீர்கள், எந்தப் பக்கம் முதலில் தளர்த்துவீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியாவது எழுதி அனுப்புங்கள். போட்டிக்கு முன் எனக்குக் கிடைக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள பேத்தி