பால்வின் அண்ணனுக்கு

அண்ணா,

பால்வின் வீட்டை விற்றுவிட்டீர்கள் என்று தெரியவந்தது. நீங்கள் சொல்லித் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் "சோபா, டைனிங் டேபிள், ஸ்னோ ப்ளோயர் விற்பனைக்கு" என்று யாரோ போட்ட படத்தில் பின்னால் தெரிந்த சுவரை வைத்து, அட, இது அண்ணன் வீடாச்சே என்று நானே கண்டுபிடித்தேன். ஃப்ரிஸ்கோவில் பாப்பா வீட்டுப் பக்கம் போகிறீர்களாம். டல்லாஸ் வெயிலுக்கு ஸ்னோ ப்ளோயர் எதற்கு, சரிதான்.

ஃபோன் பண்ணாமல் இப்படி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. ஃபோனில் என்றால் சுகர் எவ்வளவு, பிள்ளைகள் எப்படி என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வைத்துவிடுவோம், இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. நம் ஆட்கள் பாதிப் பேராவது இதைப் படிப்பார்கள் என்றும் தெரியும். அதனால் யார் பெயரும் இங்கே வராது. அந்தச் சனிக்கிழமை ராத்திரிப் பேச்சையும் தொடப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நேற்று ஏப்ரல் 4. இந்த செயின்ட் லூயிஸில் அந்தத் தேதியை ஞாபகம் வைத்திருப்பவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். 2017இல் அது ஒரு செவ்வாய்க்கிழமை. எம்எல்எஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் அணியை இழுக்க நகரப் பணமும் போட்டு ஸ்டேடியம் கட்டலாமா என்ற இரண்டாம் தீர்மானம், நூற்றுக்கு 53 பேர் வேண்டாம் என்று சொல்லித் தோற்றது. அந்த 53இல் நானும் ஒருத்தன் என்று உங்களிடம் மறைக்கவே இல்லை.

இன்னும் நீங்கள் எல்லாரிடமும் ஒரு வசனம் சொல்வதாகக் கேள்வி. "தம்பி வேண்டாம்னு ஓட்டுப் போட்டான், ஆனாலும் ஸ்டேடியம் வந்துச்சு பாரு." அண்ணா, அந்த "ஆனாலும்"தான் எனக்கு ஆறவில்லை. நகரத்திடம் கேட்டது 60 மில்லியன் டாலர். கொடுக்க மாட்டோம் என்றோம். அணியும் போச்சு, எம்எல்எஸ் இனி இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காது என்று அன்றைக்கு ராத்திரி நீங்கள் அழாத குறை. அடுத்த வருஷம் அக்டோபரில் என்ன ஆனது? என்டர்பிரைஸ் கார் வாடகைக் கம்பெனியின் டெய்லர் குடும்பம் வந்து, நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றது. 2019 ஆகஸ்டில் அணி கிடைத்தது. மைதானமும் அதைச் சுற்றிய வளாகமுமாக 450 மில்லியனுக்கு மேல் செலவு, ஏறக்குறைய எல்லாமே அவர்கள் கையிலிருந்து. அவர்கள் வேறு ஆட்கள், அது வேறு பை என்பீர்கள். தொழிலதிபர் ஜிம் கவனா 2017இல் ஓட்டுக் கேட்ட கூட்டத்திலும் இருந்தார், இந்தக் கூட்டத்திலும் இருந்தார் அண்ணா. நாங்கள் சரி என்று சொல்லியிருந்தால் அந்தப் பை திறந்தே இருக்காது. முழுக்க இலவசம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. வரிச் சலுகை கொடுத்தார்கள், அதுவும் எங்கள் பணம்தான். ஆனால் கடன் நகரத்தின் தலையில் ஏறவில்லை.

"எங்கள்" என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா. அன்றைக்கும் இந்த வார்த்தைதான் உங்களுக்குக் குத்தியது. நான் என்ன செய்ய, 1876இல் இந்த ஊர்க்காரர்கள் நகரம் வேறு, சுற்றியுள்ள கவுன்டி வேறு என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். நம் ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் நல்லா இருக்கு என்று பால்வின், செஸ்டர்ஃபீல்ட் பக்கம் வீடு வாங்கினீர்கள். சரி, யாரும் குறை சொல்லவில்லை. அன்றைக்குக் கவுன்டியில் பத்து லட்சம் பேர், நகரத்தில் மூன்று லட்சத்துச் சொச்சம். மேட்ச் பார்க்க வருவது பெரும்பாலும் அந்தப் பத்து லட்சம், பணம் கட்டச் சொன்னது இந்த மூன்று லட்சத்தை. கவுன்டியையும் பங்கு போடச் சொல்லுங்கள், நான் முதல் ஆளாகச் சரி என்று போடுகிறேன் என்றேன். அதற்கு நீங்கள் பதில் சொன்னதே இல்லை, பேச்சை மாற்றி டீ கேட்டீர்கள்.

அப்புறம் அந்த டோம். ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியை இழுக்க ஊர்ப் பணத்தில் கட்டி, 1995இல் ராம்ஸ் அணி வந்து ஆடிய கூரை போட்ட பெட்டி. கடனுக்கும் பராமரிப்புக்குமாக நகரத்தின் பங்கு ஆண்டுக்கு 6 மில்லியன். 2016 ஜனவரியில் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. கடன் போகவில்லை. ஆடாத அணியின் மைதானத்துக்கு நாங்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த மைதானத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். அணி போனதற்காக ஊர் போட்ட வழக்கு 2021இல் 790 மில்லியனுக்குச் சமாதானமாகி நகரமும் கவுன்டியும் பங்கு போட்டுக்கொண்டது வேறு கதை. 2017இல் யாருக்கு அது தெரியும்?

உங்களுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். அதே சீட்டில் முதலாம் தீர்மானத்துக்கு, வடக்கு தெற்கு ரயிலுக்கு என்று சொன்ன அரை சென்ட் விற்பனை வரிக்கு, நான் ஆம் போட்டேன். ரயில் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்ற மைதானம் வந்துவிட்டது. இதை வைத்து நீங்கள் என்னை ஓட்டு ஓட்டு என்று ஓட்டலாம், இதுவரை உங்களுக்குத் தோன்றாதது என் அதிர்ஷ்டம்.

ஆனால் நான் எழுத வந்தது இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஓட்டுக்கு முன்னால், மார்ச் கடைசி. எங்கள் தெருவில் பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து, அந்த மீன் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் வந்து இறங்கியதும் "கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்குடா" என்று சிரித்துக்கொண்டே டிக்கியைத் திறந்து, ஸ்டேடியத்துக்கு ஓட்டுக் கேட்கிற இரண்டு யார்ட் சைன் எடுத்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. நேராக என் புல்வெளியில் ஊன்ற ஆரம்பித்தீர்கள். கம்பி இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாண் தோண்டினால் பழைய செங்கல் துண்டுதான் வரும். நீங்கள் காலால் மிதித்து, இடம் மாற்றி, மறுபடி மிதித்து, கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நிற்க வைத்தீர்கள். நான் கையில் டீயோடு நின்றேன். அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். உங்களிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. உங்கள் மகனும் என் மகளும் வீட்டுப் பக்கவாட்டில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காபி மக்கோடு படிக்கட்டில் வந்து நின்று, எங்கே கட்டப்போகிறார்கள் என்று கேட்டார். நீங்கள் உற்சாகமாக விளக்கினீர்கள். யூனியன் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட் தெரு, அந்த 22ஆம் தெரு ஹைவே ரேம்ப் வளைந்து வளைந்து எங்கேயும் போகாமல் கிடக்கிறதே, அங்கேதான். கூடவே சொன்னீர்கள், அங்கே ஒன்றுமே இல்லை சார், வெறும் இடம்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் பிறந்தேன் என்றார். மில் க்ரீக் வேலி. இருபதாயிரம் பேர் இருந்த கறுப்பர் குடியிருப்பு. வீடு, நாற்பது சர்ச், நூற்றுக்கணக்கில் கடைகள். 1959இல் இடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்னால் ஓட்டுதான் எடுத்தார்கள், கடன் பத்திரத்துக்கு, 1955இல், ஊருக்கு நல்லது என்று சொல்லி. இடித்த பிறகு ரொம்ப வருஷம் அப்படியே வெட்டவெளியாகக் கிடந்ததில், ஊரில் அதற்கு "ஹிரோஷிமா ஃப்ளாட்ஸ்" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம். அவருடைய அம்மா துணி காயப்போடும் கம்பியைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாராம், புது வீட்டில் அதைக் கட்ட இடமில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் மக்கைப் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அந்தக் கம்பியின் நீளத்தைக் காட்டினார்.

நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "இந்தக் கதையெல்லாம் இப்ப யாரு கேட்டா? அறுபது வருஷம் ஆச்சு."

அவருக்குத் தமிழ் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும். மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். நான் அந்த சைனைப் பிடுங்கினேன். ஒரு கம்பி வளைந்துவிட்டது. "உங்களுக்கு இங்க ஓட்டும் இல்ல, வரியும் இல்ல. பால்வின்ல போய் ஊனுங்க" என்றேன். உங்கள் மகன் பந்தை இடுக்கிக்கொண்டு உங்களையே பார்த்தபடி நின்றான்.

அவன் முன்னால் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவை ஒருத்தன் அப்படிப் பேசியதை ஒரு பத்து வயசுப் பையன் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் அண்ணா, அந்தப் பெரியவருக்கும் வயசு இருந்தது, வீட்டு வாசலில்தான் நின்றார். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கம்பியைத் தொட்டே இருக்க மாட்டேன். மன்னிப்பு கேட்கும்போதே நியாயம் பேசுகிறான் பார் என்பீர்கள். ஆமாம், பேசுகிறேன்.

நீங்களும் சும்மா இருக்கவில்லையே. தம்பி காசைப் பார்க்கிறான், பிள்ளைகள் விளையாட்டு அவனுக்கு முக்கியமில்லை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டீர்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த சீசன் உங்கள் டீமில் என் மகளுக்கு இடமில்லை, ஆள் நிறைந்துவிட்டது என்றீர்கள். எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்கும் எண்ணத் தெரியும். இதைப் பற்றி அக்காவிடம் மட்டும் ஒருமுறை கேட்டேன், அவர் பேசாமல் இருந்தார். இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

உங்களிடம் கற்றுக்கொண்டுதான் அவள் இன்னும் கோல் காக்கிறாள். "பந்தைப் பாக்காத, இடுப்பைப் பாரு, இடுப்பு பொய் சொல்லாது" என்று நீங்கள் கத்துவதை அப்படியே சொல்லிக் காட்டுவாள். தி ஹில் என்ற இத்தாலியர் குடியிருப்புப் பக்கம் எங்களை இட்டுப்போய், 1950 உலகக் கோப்பையில் பெலோ ஹொரிசோன்டேயில் இங்கிலாந்தைத் தோற்கடித்த அமெரிக்க அணியின் பதினொரு பேரில் ஐந்து பேர் இந்த ஊர்ப் பையன்கள் என்று நடுத்தெருவில் நின்று சொன்னீர்களே. கோலி ஃபிராங்க் போர்கி பிணவண்டி ஓட்டியவர், ஹாரி கியோ தபால்காரர் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாமல் சிவகாசியில் வளர்ந்த எனக்கே புல்லரித்தது. எம்எல்எஸ் பார்க்க நாலு மணி நேரம் ஐ-70இல் கேன்சஸ் சிட்டிக்கு ஓட்டிக்கொண்டு போவீர்கள், தயிர் சாதம் கட்டிக்கொண்டு. அந்த ஆசைக்கு முன்னால் என் கணக்கு சின்னதாகத் தெரிந்திருக்கும், புரிகிறது. ஆனால் தூத்தூரில் நீங்கள் எல்லாம் கடற்கரை மணலில் ஆடித்தானே சந்தோஷ் டிராபி வரை ஆட்களை அனுப்பினீர்கள்? அங்கே யார் எந்த அணியை இழுக்க எந்த ஸ்டேடியம் கட்டினார்கள்? இதைக் கேட்டால் "அது வேற, இது வேற" என்று கையை உதறுவீர்கள். எப்படி வேற என்று கடைசிவரை சொன்னதில்லை.

இன்னொன்று. நான் அந்த மைதானத்துக்குப் போயிருக்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2023, முதல் சீசன், வரிசையாக ஐந்து மேட்ச் ஜெயித்து ஊரே சிவப்புச் சட்டை போட்டுத் திரிந்த சமயம். நல்லா இருந்தது அண்ணா. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருந்தது. கீழ்வரிசையில் பாஸ்னியாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஆஃப்சைடுக்கும் அவர்கள் மொழியில் ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு பிரிவு தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் "பார்த்தியா" என்பீர்கள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. வெளியே வரும்போது மில் க்ரீக் நினைவாக நிறுத்தியிருக்கும் அந்த மணற்கடிகைத் தூண்கள் பக்கம் மகளைக் கூட்டிப்போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அவற்றைப் பார்க்க இல்லை, அதற்கு முன்பே போய்விட்டார். நீங்கள் அந்தத் தூண்களைத் தாண்டித்தானே ஒவ்வொரு மேட்சுக்கும் போயிருப்பீர்கள். ஒரு தடவையாவது நின்றீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை, விடுங்கள்.

உங்கள் இரண்டு சீசன் டிக்கெட்டையும் எனக்கு மாற்றித் தரலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. எடுத்துக்கொள்கிறேன். என்ன விலையோ அதைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன், அன்பளிப்பு, அண்ணன் கொடுத்தது என்ற பேச்சே வேண்டாம். ஓட்டுப் போட்டது போட்டதுதான், இன்றைக்கு அதே சீட்டு வந்தாலும் அதே கட்டத்தில்தான் கோடு போடுவேன். டிக்கெட் வேறு விஷயம். ஆப்பில் மாற்றும்போது என் பழைய ஈமெயில் வரும், அது வேலை செய்யாது, அக்காவிடம் புதியது இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடுங்கள், சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது.

ஃப்ரிஸ்கோவில் டல்லாஸ் அணியின் மைதானம் இருக்கிறது, அது அந்த நகரத்துக்கே சொந்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 மே மாதம் கலையரங்கம் ஒன்று கட்டப் பணம் கேட்டபோது அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், அதுவும் தெரியுமா? இனி அங்கே உங்களுக்கும் ஓட்டு இருக்கும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்று இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். முதல் வீட்டு வரி பில் வந்ததும் அதை எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

தம்பி