பேச்சு வரவில்லையா, முதலில் காதைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்போருக்காக நாளிதழ்களில் வரும் பகுதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தினம் ஐந்து சொற்கள், எதிரே தமிழில் உச்சரிப்பு, பொருள், கீழே ஓர் இலக்கண விதி. இவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்தவர்கள்கூட, எதிராளி நாலு வாக்கியம் வேகமாகப் பேசினால் விழிக்கிறார்கள். படித்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிடுகிறது.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு தருவதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். 'பேட்' என்று அச்சிட்டால், அது பந்தடிக்கும் மட்டையா, காலில் கட்டும் உறையா, 'கெட்ட' என்பதா, தட்டிக்கொடுப்பதா? ஆங்கிலத்தில் நான்கும் தனித்தனிச் சொற்கள். 'பம்பரம்' என்பதில் இரண்டு பகரமும் வெவ்வேறாக ஒலித்தாலும் தமிழில் குழப்பம் இல்லை. எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒலி மாற்றம் பொருளையே மாற்றும். இன்னொன்று: மட்டையைக் குறிக்கும் சொல்லில் உயிரொலி குறுகும், 'கெட்ட' என்ற சொல்லில் நீளும். ஆங்கிலம் பேசுவோர் கடைசி மெய்யை அடையாளம் காண அந்த நீளமே பெரிதும் உதவுகிறது. அச்சில் அது தெரிவதே இல்லை.

அடுத்தது அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாம் அசை. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. அழுத்தம் பெறாத அசை தேய்ந்து அடையாளம் தெரியாமல் போகும். வாக்கியத்திலும் இதே கதைதான். 'ஐ கேன் டூ இட்' என்பதில் 'கேன்' வெறும் 'க்ன்' ஆகச் சுருங்கும். 'முடியாது' என்னும் பொருள் தரும் 'கேன்ட்' முழு அழுத்தத்தோடு வரும். நாம் 'கேன்' என்பதைத் தெளிவாகச் சொல்வதாக நினைத்து அழுத்தினால், குறிப்பாக அமெரிக்கர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இதற்குக் கைகண்ட பயிற்சி, கேட்டு எழுதுதல். எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். முதல் முறை பேனாவைத் தொடாமல் கேட்க வேண்டும். பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுத வேண்டும். ஒரு வாக்கியத்தை மூன்று தடவைக்கு மேல் கேட்க வேண்டாம், விளங்காத இடத்தைக் காலியாக விடலாம். பின்னர் மூல எழுத்தோடு ஒப்பிட்டு, பிழைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: தெரியாத சொற்கள், தெரிந்திருந்தும் காதில் விழாத சொற்கள். இரண்டாவது பட்டியல்தான் புதையல். அதில் பெரும்பாலும் 'ஆஃப்', 'டு', 'ஹேஸ்' போன்ற சில்லறைச் சொற்களும் இறந்தகால ஈறுகளும் இருக்கும். கடைசியாக, பதிவோடு சேர்ந்தே அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடப் பதிவுக்கு இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும்.

பலர் சறுக்குவது பதிவைத் தேர்ந்தெடுப்பதில். எடுத்த எடுப்பில் செய்தி அறிக்கையில் இறங்குகிறார்கள். அதில் பெயர்கள் அடர்ந்திருக்கும், வாக்கியங்கள் எழுத்து நடையில் இருக்கும், சொன்னதைத் திரும்பச் சொல்லமாட்டார்கள். எழுத்து வடிவத்தைப் படித்துப் பார்த்து, 100 சொற்களுக்கு 2 அல்லது 3-க்கு மேல் தெரியாதவை இருந்தால் அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

பேச்சுக்கு '4-3-2' என்ற முறை உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், வேறொருவரிடம் 3 நிமிடம், இன்னொருவரிடம் 2 நிமிடம் பேசுவது. சொல்ல வேண்டியது ஏற்கெனவே மனத்தில் இருப்பதால் தயக்கம் குறைந்து வேகம் கூடும். சொல்லும் விஷயங்களை வெட்டி நேரத்தைக் குறைத்தால் பயன் போய்விடும். எழுதி மனப்பாடம் செய்தாலும் அப்படியே. ஆள் கிடைக்காதவர்கள் கைபேசியில் மூன்று முறை பதிவு செய்யலாம்.

சொற்களைப் பொறுத்தவரை, ஆங்கில மொழிக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள்தான். சாதாரண எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குள் அடங்கிவிடும். அவை நாவில் புரளும் முன் அரிய சொற்களைத் தேடிப் போவது வீண். எழுதி வைக்கும்போதும் சொல்லைத் தனியாக எழுதாமல், வழக்கமாக அதோடு சேர்ந்து வரும் சொல்லோடு எழுதினால் 'டூ எ மிஸ்டேக்' என்று பேசும் பழக்கம் போய் 'மேக் எ மிஸ்டேக்' தானாக வரும்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலச் சொல்லை அச்சிடும்போது அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். ஐந்து சொற்களுக்குப் பதில் இரண்டு போதும். பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு போட்டு, அந்தச் சொற்கள் வரும் வாக்கியங்களின் ஒலிப்பதிவை இணையுங்கள். மெதுவாக ஒரு தடவை, இயல்பான வேகத்தில் ஒரு தடவை.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்