சாட்சிக் கையெழுத்து

நீடாமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள் என்பதால் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருக்கிறோம். அம்மா குடையோடு காவல் இருக்கிறாள்.

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். வேலை விஷயமாக ஆட்களைத் தெரிந்துகொள்ளும் லிங்க்டின் தளத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் கனெக்ஷன் ரிக்வெஸ்ட் அனுப்பினாள். ஏதோ கம்பெனி ஹெச்.ஆர். என்று போட்டிருந்தது. நீயும் அக்செப்ட் கொடுத்துவிட்டாய். உன்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் தோழிக்கும் ரிக்வெஸ்ட் போனது. அவள் திறந்து பார்த்தபோது மியூச்சுவல் கனெக்ஷன், அதாவது இரண்டு பேருக்கும் தெரிந்தவர், என்று உன் பெயர் இருந்தது. "உனக்குத் தெரிந்தவர்தானே என்று நம்பினேன்" என்கிறாள். துபாய் வேலை, பேப்பர் சரிபார்ப்புக் கட்டணம் என்று 18,000 ரூபாய் போய்விட்டது.

பாப்பா, இதே தப்பு நடந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1991. நான் தபால்காரன். கோரையாற்றங்கரைப் பக்கம் எனக்குப் புது பீட், தபால் கொடுக்கிற பகுதி. மணியார்டர் வாங்குபவர் கைநாட்டு வைத்தால், தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பூரிலிருந்து 600 ரூபாய் வந்திருந்தது. அடுத்தடுத்த தெருவில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிமார் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு பையன், "எங்க பாட்டிதான், மாமா அனுப்பினது" என்றான். எதிரே மளிகைக் கடைக்காரர், ரொம்ப நல்ல மனுஷர். அந்தப் பையனின் முகம் பழக்கம் என்பதால் அரிசி அளந்த கையோடு வந்து கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தைப் பார்த்து நான் பணம் கொடுத்தேன். பையனை அவர் நம்பினார், அவரை நான் நம்பினேன். பாட்டியை யாருமே விசாரிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து நிஜப் பாட்டி இன்லண்ட் லெட்டரோடு வந்தார். "600 அனுப்பியிருக்கிறேன், கண்ணுக்கு மருந்து வாங்கிக்கொள்" என்று மகன் எழுதியிருந்தான். மடிப்பெல்லாம் கிழிந்து, இடுப்பில் செருகிச் செருகி மஞ்சள் கறை படிந்திருந்தது. அந்தக் கடிதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாட்டிக்கு என் சம்பளத்திலிருந்து மூன்று தவணையாகக் கொடுத்தேன். விஷயம் தெரிந்த அன்றைக்கு ராத்திரி கடைக்காரர் என் வீட்டுக்கு வந்து 300 ரூபாயை என் கையில் திணித்தார். "ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்துவிட்டேன் தம்பி" என்றார்.

நீ அக்செப்ட் கொடுப்பதும் அந்தக் கையெழுத்துதான். உன் வீட்டுக்குள் ஒருத்தரை விடுவதோடு அது முடிவதில்லை. உன்னைத் தெரிந்த நூறு பேரிடம், இவரை எனக்குத் தெரியும் என்று நீ சொன்னதாக ஆகிறது. ஏமாற்றுகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான். உன் பணம் கூட அவர்களுக்கு அப்புறம்தான், முதலில் உன் பெயர்.

சித்தப்பா பையனை உட்காரவைத்து லேப்டாப்பில் காட்டச் சொன்னேன். இக்னோர் கொடுத்தால் அனுப்பியவருக்குத் தகவல் போகாதாம். "மரியாதையில்லாமல் நினைப்பார்களோ" என்று நீ தயங்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே சேர்த்தவரை நீக்கினாலும் அவருக்கு அறிவிப்பு போகாது. குறிப்பு எழுதி அனுப்பியிருந்தால், அக்செப்ட் கொடுக்காமலே பதில் எழுதலாம்: "உங்களை எந்த வகையில் தெரியும் என்று சொல்ல முடியுமா?" உண்மையான ஆள் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். உன் கனெக்ஷன் பட்டியலை நீ மட்டும் பார்க்கும்படி மாற்றவும் செட்டிங்ஸில் வழி இருக்கிறது. இன்றைக்கே மாற்று.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் ப்ரொஃபைலில் 'அபவுட் திஸ் ப்ரொஃபைல்' என்று இருக்கிறது. அவர் எந்த மாதம், எந்த வருஷம் சேர்ந்தார், படத்தை எப்போது மாற்றினார் என்று காட்டுகிறது. தபாலில் நாங்கள் முத்திரை பார்ப்பதுபோல. பதினைந்து வருஷ அனுபவம் என்று எழுதியிருப்பவர் போன மாதம்தான் சேர்ந்திருந்தால் நிதானிக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். நம் பக்கத்தில் ஏஜெண்டிடம் நகையை வைத்துக் கட்டிய குடும்பங்களை நீயே பார்த்திருக்கிறாய். ஆள் எடுக்கும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடியில் மாட்டி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிபட்ட பிள்ளைகளில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். பேப்பரில் படித்த அன்று உன் அம்மா சாப்பிடவில்லை.

அக்கவுண்டையே மூடப்போகிறேன் என்றாயே, அது வேண்டாம். உனக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது? உன் காலேஜில் ஆறு வருஷம் முன்னால் படித்த அக்கா, நீ கேட்காமலே எழுதினாள். எந்த டிபார்ட்மெண்ட், எந்த சார் ப்ராஜெக்ட் பார்த்தார் என்று அதில் இருந்தது. அதுவும் எதிர்பாராமல் வந்ததுதானே? அந்தக் கடைக்காரரும் சாட்சி போடுவதை நிறுத்தவில்லை. நான் அந்த பீட்டில் இருந்தவரைக்கும் போட்டார். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் தெரு, வீட்டுக்காரர் பேர் என்ன, யார் அனுப்பியது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்.

இப்போது முக்கியமானது உன் தோழி. வெட்கப்பட்டுக்கொண்டு அவள் புகார் கொடுக்கவில்லை என்றாய். முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணச் சொல். சைபர் க்ரைம் தளத்திலும் பதியலாம். பணம் போன கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். நாளாக ஆகப் பணம் கைமாறிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். நீயும் அந்த ப்ரொஃபைலை ரிப்போர்ட் செய்துவிட்டு நீக்கு. உன் பட்டியலில் வேறு யாருக்கெல்லாம் அந்த ஹெச்.ஆர். பெண் எழுதினாள் என்று ஒவ்வொருவராகக் கேள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேள்.

தோழியை நேரில் போய்ப் பார். போனில் வேண்டாம். உன் அக்கவுண்டில் நாளைக்கு 9,000 ரூபாய் போடுகிறேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். அவள் வாங்க மறுத்தால், அப்பா கொடுத்தார் என்று சொல்.

மேகம் கூடுகிறது, அம்மா கூப்பிடுகிறாள். நெல்லை அள்ளப் போகிறேன். தோழியைப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா